சேதி சொல்ல வந்தவள்

அன்புள்ள முருகேசா,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்கக்கூடாது என்றுவிட்டார்கள், அதனால் பொழுது முழுக்கப் பாட்டுதான்.

ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசைநாடகம், என்றாலே வார்த்தை புரியாத கூச்சல் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அது பிறந்ததே வார்த்தை காதில் விழவேண்டும் என்ற தவிப்பில்தான்! 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்தி பிரபுவின் வீட்டில் கூடிப் பேசியவர்களுக்கு, நாலைந்து குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாடும் அன்றைய இசையில் கவிதை நசுங்கிப்போகிறதே என்று வருத்தம். பழைய கிரேக்கர்கள் நாடகத்தைப் பாடியே நடித்தார்கள் என்று நம்பினார்கள். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ, 1581-ல் இதற்காக ஒரு புத்தகமே எழுதினார். ஒரே குரல், அடியில் லேசான வாத்தியம், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நடை. இந்த வழியில் பெரி என்பவர் இசையமைத்த 'யூரிடிச்சே' 1600-ல், அந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் ஒரு கல்யாணத்துக்காக அரங்கேறியது. பாடகன் ஓர்ஃபியோ, செத்துப்போன மனைவி யூரிடிச்சேயை மீட்கப் பாதாள உலகத்துக்கே போகும் கிரேக்கக் கதை அது; ஓர்ஃபியோவாகப் பாடியவரும் பெரியே. பழைய கதையில், வழியில் அவளைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நிபந்தனை உண்டு. கல்யாண வீடாயிற்றே, அதனால் செத்த மனைவி எந்த நிபந்தனையும் இல்லாமல் திரும்பி வந்துவிடுவாள்.

ஆனால் நீ கேட்கவேண்டியது அதே கதையை மான்டெவெர்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளர் 1607-ல் மான்டுவா நகர அரண்மனைக்காகச் செய்த 'ஓர்ஃபியோ'. இரண்டாம் அங்கத்தில் ஓர்ஃபியோ சந்தோஷம் தாங்காமல் பாடிக்கொண்டிருக்கிறான், சுற்றிலும் இடையர்கள், அப்போது ஒருத்தி ஓடிவருகிறாள். வாத்தியங்களின் நிறமே மாறிவிடுகிறது, மரக்குழல் ஆர்கனும் நீளக் கழுத்து லூட் என்ற தந்தி வாத்தியமும் மட்டும் அவள் குரலுக்கு அடியில். உன் மனைவி இறந்துவிட்டாள் என்கிறாள். அவனிடமிருந்து "ஐயோ" என்று ஒரே சொல், அவ்வளவுதான். பூப்பறிக்கப் போனவளைப் பாம்பு தீண்டிய கதையை அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் வாய் திறப்பதில்லை. நான் இதை நாலு தடவை கேட்டுவிட்டேன், அந்த ஒற்றைச் சொல்லில் நாலு தடவையும் நெஞ்சு அடைத்தது.

அதே 1607 செப்டம்பரில் மான்டெவெர்டியின் மனைவி கிளாடியா இறந்துபோனார். அடுத்த ஆண்டு 'அரியானா' என்ற ஓபராவைச் செய்தார், நாயகியாகப் பாட இருந்த பெண்ணும் அரங்கேற்றத்துக்கு முன்பே அம்மையில் போய்விட்டாள். அந்த ஓபராவின் இசையில் இன்று மிஞ்சியிருப்பது அரியானாவின் புலம்பல் மட்டும், "என்னைச் சாகவிடுங்கள்" என்று தொடங்குவது. அப்புறம் 1637-ல் வெனிஸில் காசு கொடுத்தால் யாரும் பார்க்கலாம் என்று அரங்கமே திறந்துவிட்டார்கள், அது தனிக் கதை.

இரண்டாம் அங்கத்தை மட்டுமாவது, வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். கேட்டதும் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராஜு