அந்தப் படத்துக்கு இப்போதைக்குச் சட்டம் போடாதே

செல்வா,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலிதான், மற்றபடி நலம். மூர்த்தி அந்தக் குடை விவகாரத்தை இன்னும் விடவில்லை.

இத்தனை நாளும் தண்ணீரில் துளி விழுந்து தெறிப்பதைப் படம் பிடிக்க இருட்டறையில்தான் கிடந்தேன். தட்டு நிறையத் தண்ணீர், அரை மீட்டர் மேலே சொட்டுவிட ஒரு சலைன் டியூப். துளி விழும் இடத்தில் ஒரு ஸ்குரூவை நிறுத்தி போகஸ் செய்துவிட்டு அதை எடுத்துவிடுவேன். அப்படியும் முதல் வாரம் முழுக்க மங்கல்தான். அரை மீட்டர் இறங்கும் துளி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது. என் கேமராவில் பிளாஷோடு ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்டாது. அதற்குள் துளி 15 மில்லிமீட்டர் ஓடிவிடும். அதை நிறுத்துவது பிளாஷ்தான்! அதன் பவரை முழு அளவில் 1/64-க்கு இறக்கினால் வெளிச்சத்தோடு அது மின்னும் நேரமும் சுருங்கி, ஏறத்தாழ 1/20,000 நொடிக்கு வந்துவிடுகிறது.

அன்றைக்குத்தான் முதல் தெளிவான படம் விழுந்தது. துளி விழுந்த குழி மூடி, நடுவில் தண்ணீர்த் தூண் ஒன்று எழும்பி, உச்சியில் ஒரு நீர்மணி. பின்னால் மேலே சிவப்பும் கீழே நீலமுமாகத் தாள் ஒட்டியிருந்தேன். மணிக்குள் நீலம் மேலே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு அனுப்பினேனே, தெறித்த தண்ணீர் முனையெல்லாம் ஒரே அளவில் நிற்கும் கிரீடம்? அந்த ஒன்றுக்காக நானூறு படம் அழித்தேன். சாய்ந்தது, முனை பிய்ந்தது எல்லாம் கெட்டுப்போனவை என்று.

போன வாரம் வொர்திங்டனைப் பற்றிப் படித்தேன். ஆங்கிலேய இயற்பியலாளர். மின்பொறி வெளிச்சத்தில் ஒரு கணம் கண்ணில் பட்டதை வைத்து ஏறத்தாழ இருபது ஆண்டு தெறிப்புகளை வரைந்தார். வெளியிட்டதெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி சமச்சீர். 1894இல் போட்டோ பிடித்தால், கோணலும் மாணலுமாக வருகிறது! பழைய தாள்களைப் புரட்டினால், கோணலையும் அவரே வரைந்திருக்கிறார். தற்செயல் என்று ஒதுக்கியிருக்கிறார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது, செல்வா. தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்கத்தானே உட்கார்ந்தேன்? நான் நினைத்தபடி செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிட்டேன். அந்த நானூறும் இனி வராது.

இப்போது எதையும் அழிப்பதில்லை. நேற்று இரண்டாவது துளி தூணின் தலையில் சற்றுத் தள்ளி விழுந்தது. ஒரு பக்கம் குடை விரிந்திருக்கிறது, மறுபக்கம் நூல் நூலாய்ப் பிய்ந்து, நூலின் நுனிதோறும் ஒரு நீர்மணி. மூர்த்தியின் குடையேதான்.

அந்தக் கிரீடத்துக்குச் சட்டம் போடப்போவதாகச் சொன்னாயே, கொஞ்சம் பொறு. இதை அனுப்புகிறேன்.

உன்,
ரகு