அப்பாவின் கண்ணாடிக் கயிறும் உன்னுடையதும்

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகன்,

நாங்கள் சுகம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கதைக்கும்போது, படகில் போன இடத்தில் வெயில் கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, இந்த வருஷத்தில் இது இரண்டாவது என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு, "அப்பா போட்டிருக்கிற மாதிரி நானும் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடுகிற ஒரு கயிறு வாங்கப் போகிறேன், எது நல்லது அம்மா?" என்று கேட்டாய். நான் வாய் திறக்க உன் பஸ் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் பாதியைக் கேட்டுவிட்டு "ஓம் ஓம்" என்று போட்டுவிடுவாய். பக்கத்து வீட்டுப் பிள்ளை வெள்ளிக்கிழமை ஒஸ்லோவுக்குப் போகிறாள். பார்சலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

அப்பாவுக்குக் கண்புரை வெட்டின பிறகு, வெளியில் போனால் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லி டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும். முதல் கண்ணாடியை ஒரு கிழமைக்குள் களப்பில் விட்டார். நண்டு வலை இழுக்கக் குனிகிறவருக்கு மூக்கெல்லாம் வேர்வை. கண்ணாடி நிற்குமா? இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. அரை நாள் காலால் தடவித் தேடினார், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீ யூவி 400 கண்ணாடியும் கயிறும் சேர்த்து அனுப்பினாய். 400 நனோமீற்றர் வரைக்கும் உள்ள புறஊதாக் கதிரை அது மறிக்கும் என்று விளங்கப்படுத்தினதும் நீதான். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. தண்ணீரின் பளபளப்பை வெட்டிவிடுவதால் வலை கிடக்கிற இடம் மேலிருந்தே தெரிகிறது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். கயிற்றில்தான் சோலி.

நீ அனுப்பினது கம்பிக் கயிறு, மேலே பிளாஸ்டிக் பூசினது. அது கழுத்தில் படாமல் வளைவாக எழும்பி நிற்கும், அதனால் வேர்க்காது. அப்பா கடலுக்குச் சாரத்தோடு வெறும் மேலோடு போகிறவர், அவருக்கு அது சொர்க்கம். ஆனால் யாகப்பர் கோயில் பூசைக்குக் கொலர் வைத்த சேட்டுப் போட்டுக்கொண்டு போனாரே, அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். தலையை நிமிர்த்தி மேலே பார்க்கும் ஒவ்வொரு முறையும் கம்பி கொலரில் முட்டிக் கண்ணாடியை முன்னுக்குத் தள்ளியது. பூசை முடியும் மட்டும் மனுசன் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றார். நீ குளிர் நாட்டில் கழுத்தை மூடின ஜக்கெட்டும் துப்பட்டியும் போடுகிறவன். உனக்குக் கம்பி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே போதும். இன்னொன்றும் இருக்கிறது. துருப்பிடிக்காது என்று பெட்டியில் எழுதியிருந்தது. கம்பி துருப்பிடிக்கவில்லை, உண்மைதான். கம்பியின் நுனியைக் கவ்விப் பிடிக்கிற சின்ன உலோகக் குழாய் இருக்கிறதே, பயத்தங்கொட்டை அளவு, அது உப்புத் தண்ணீரில் நாலு மாதத்தில் சிவந்து உதிர்ந்துவிட்டது.

அடுத்தது பெரியகடையில் வாங்கினது, நியோபிரீன். சுழியோடிகளின் உடுப்புத் தைக்கிற அதே நுரை றப்பர்தான். அமெரிக்காவில் டூபொண்ட் கம்பனி 1930களில் கொண்டுவந்த சாமான். கையில் பிடிக்கப் பஞ்சு மாதிரி, தண்ணீரில் மிதக்கும், கண்ணாடியையும் இறுக்கமாகப் பிடிக்கும். கடையில் வைத்துப் பார்த்தால் இதைவிடச் சுகமானது இல்லை. இங்கே பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மணித்தியாலம் கட்டிப் பார், தெரியும். வேர்வை உள்ளே போக வழியில்லை, தோலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்பாவின் பிடரியில் பட்டி கிடந்த அகலத்துக்கே வேர்க்குரு போட்டுவிட்டது. காயவும் நாள் எடுக்கும், நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்புக் காய்ந்து மண்தாள் மாதிரி உரசும். ஆனால் மகன், அங்கே உனக்கு இது பொருந்தலாம். குளிரில் கழுத்துக்குச் சூடாக இருக்கும். ஒரு ஊரின் வேர்க்குரு இன்னொரு ஊரின் கம்பளி.

இதற்கு நடுவில் அப்பா தானே ஒன்று செய்தார். எதில் என்று நினைக்கிறாய்? தங்கூசியில், அந்த நைலோன் தூண்டில் நூலில். கடலுக்குப் போகிறவனுக்குத் தங்கூசிக்கு மேலே கயிறு உண்டா என்று கேட்டார். மெல்லிசு, பாரமில்லை, தண்ணீரும் குடிக்காது, எல்லாம் சரி. மத்தியானம் வந்தபோது இரண்டு காதுக்குப் பின்னாலும் வாளால் கீறின மாதிரி சிவப்புக் கோடு. நான் சிரித்தேன் என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பெரியம்மா போடுகிற மணிச் சங்கிலி வாசிப்புக் கண்ணாடிக்கு வடிவு, படகுக்குச் சரிவராது. சிலிக்கன் பட்டி தலைமயிரைப் பிடித்து இழுக்கும். அப்பாவுக்கு இழுக்க மயிர் இல்லை, உனக்கு இருக்கிறது, இப்போதைக்கு.

என்னைக் கேட்டால் நான் பருத்திக்குத்தான் போவேன். நாற்பது வருஷமாக ஆட்களின் கழுத்தளவு எடுத்தவள் சொல்கிறேன், பிடரிக்குத் தேவை வேர்வையைக் குடிக்கிற, வளைந்து கொடுக்கிற துணி. நெய்த பருத்தி நாடா, நடுவில் என் சின்ன விரல் அகலம், நுனிக்குப் போகப் போக ஒடுக்கம். உருண்டைக் கயிறு ஒரே கோட்டில் அழுத்தும், தட்டை நாடா பரவலாகக் கிடக்கும். கண்ணாடி ஐம்பது கிராம் கூட வராது, ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் தொங்கினால் அதுவும் பாரம்தான். தையல் மடிப்பு வெளிப் பக்கம் இருக்க வேண்டும், உள்ளுக்குள் இருந்தால் அரிக்கும். விரலால் தடவிப் பார்த்து வாங்கு. முதல் தரம் கழுவும்போது பருத்தி சுருங்கும், அதனால் வாங்கின அன்றே ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்துவிட்டு அளவைச் சரிபார். உள்துணிக்கு நான் செய்கிறது அதைத்தான். சம்ஸ் என்று ஒரு கம்பனியின் பருத்திப் பட்டியைப் பற்றி நீ ஒருமுறை சொன்னாயே, 1983இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஆற்றில் படகு விடுகிற ஒருவர் தொடங்கினது என்று. அப்பாவிடம் சொன்னேன். "படகுக்காரனுக்குத்தானே தெரியும்" என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி.

சரி, துணியை விடு. எல்லாரும் பட்டியைப் பார்த்து வாங்குகிறார்கள், அது கண்ணாடிக் காலைப் பிடிக்கிற நுனியை ஒருவரும் பார்ப்பதில்லை. காதுக்குப் பின்னால் நோவு வருவது அங்கேதான். கண்ணாடிக் கால் கீழே வளைகிற இடத்தில் அந்தக் குழாய் வந்து முட்டினால் ஒரு மணித்தியாலத்தில் காது நொந்துவிடும், வளைவுக்குக் கீழே நிற்க வேண்டும். உன்னுடைய கண்ணாடிக் கால் அகலமான பிளாஸ்டிக் என்றால் மெல்லிசுக் கம்பிக் காலுக்குச் செய்த குழாய்க்குள் அதை வில்லங்கத்துக்கு நுழைக்காதே. குழாய் கிழியும், இல்லாவிட்டால் கால் அகண்டு கண்ணாடி தளர்ந்துவிடும். மெல்லிசுக் கால் என்றால் சுருக்கு மாதிரி இறுகுகிற றப்பர் வளையம் நல்லது. மாட்டின பிறகு கட்டிலுக்கு மேலே பட்டியைப் பிடித்துத் தூக்கி நாலு தரம் குலுக்கிப் பார். விழுந்தால் மெத்தையில்தானே விழும்.

ஆனால் கழரவே கழராதபடி ஒட்டியோ முடிச்சுப் போட்டோ வைக்காதே. போன மாதம் சோளகக் காற்று உரமாக அடித்த ஒரு நாள், வலையோடு வந்த நண்டு ஒன்று அப்பாவின் பட்டியைக் கவ்விவிட்டது. வலை ஒரு பக்கம் இழுக்க, பட்டி மறுபக்கம் இழுக்க, நுனிக் குழாய் சறுக்கிக் கழன்றது. கண்ணாடி படகுக்குள்ளேயே விழுந்தது, கழுத்தும் தப்பியது. நண்டுக்குப் பதில் அது எஞ்சினாக இருந்திருந்தால்? நீ எஞ்சின் பூட்டின படகில்தானே போகிறாய். இழுத்தால் கழருகிறதுதான் வேண்டும்.

நீளம் உன் வேலையைப் பொறுத்தது. ஓடும்போதும் பனியில் சறுக்கும்போதும் தலையோடு ஒட்டி நிற்கிற அளவுக்குக் குறுக்கு. கழற்றித் தொங்கவிடுவதென்றால் நெஞ்சு வரைக்கும் வந்தால் போதும். அதற்குக் கீழே போனால் குனியும்போது ஊஞ்சல் ஆடிப் படகு விளிம்பில் அடிபடும். இறுக்கித் தளர்த்துகிற மணி பிடரி எலும்பில் குந்துகிறதா என்றும் பார், சாய்ந்து இருக்கும்போதுதான் அது தெரியும். தட்டை மணி நல்லது. மணிக்குக் கீழே தொங்குகிற வாலை நீட்டாக விடாதே. அப்பா அதைப் பூச்சி என்று நினைத்துத் தன் பிடரியில் தானே அடித்துக்கொண்டது எத்தனை தரம்!

பருத்திக்கு ஒரு குறை, மிதக்காது. இங்கே அது பெரிய விஷயமில்லை, விழுந்தால் காலால் தேடலாம். நீ போகிற சோங்னே பியோர்ட், மலைகளுக்கு நடுவில் நீண்டு கிடக்கிற அந்தக் கடல் நீரேரி, 1,300 மீற்றர் ஆழம் என்று சொன்னாய். அங்கே எந்தக் காலால் தேடுகிறது? அதைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ப் பழைய வலை மிதப்பு ஒன்றைக் கத்தியால் சீவிக்கொண்டு இருந்தார்.

அதுதான் இப்போது உன் பார்சலில் இருக்கிறது. நீல நிறப் பருத்தி நாடா நான் தைத்தது, நடுவில் கோத்திருக்கிற வெள்ளைத் துண்டு அப்பாவின் மிதப்பு. உப்புத் தண்ணீர் வாளியில் அப்பாவின் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தோம், மிதந்தது. உன் கண்ணாடி பாரம் கூடினதென்றால் தாழக்கூடும், ஒரு வாளியில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோ. மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்தால் மணம் ஏறிவிடும் என்று ஒடியல் மாப் பைக்கு அடியில் சுற்றி வைத்திருக்கிறேன். பனங்கட்டிக் குட்டான் மேலே இருக்கிறது, பார்த்துத் திற.

நுனிக் குழாய் மட்டும் இன்னும் தைக்கவில்லை, சும்மா ஊசி குத்தி வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கால் வளைவுக்குக் கீழே எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்று அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அந்த அளவுக்குச் சின்னக் குழாய் இரண்டு செய்து, அடுத்து வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். அது வந்து சேரும் வரைக்கும் படகில் போகும்போது கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வை.

அன்புடன்,
அம்மா