சுடுகாட்டு வாய்க்காலுக்குப் பாலம் கேட்டு, தேர்தல் அறிவிப்புக்கு முன் கொடுக்கும் மனு

அனுப்புநர்
கீழத்தெருப் பொதுமக்கள் (62 குடும்பங்கள்),
காவிரிக் கடைமடை ஊராட்சி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 02.02.2026, திங்கட்கிழமை

பொருள்: சுடுகாட்டுப் பாதையில் உள்ள வாய்க்காலின் குறுக்கே சிறுபாலம் கட்ட, தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வருவதற்கு முன்பாகவே வேலையைத் தொடங்கிவைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 2019 முதல் இதே பொருளில் நாங்கள் கொடுத்த 11 மனுக்கள். ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைப்பில் உள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தாங்கள் அறியாத ஊர் அல்ல. டிசம்பரில் பயிர்ச்சேதம் பார்க்க வந்தபோது மதகடியில் ஜீப்பை நிறுத்தி இறங்கினீர்கள். மூழ்கிக் கிடந்த சம்பாவில் ஒரு தூரைப் பிடுங்கி, வேர் அழுகியிருக்கிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தீர்கள். தெருவே நின்று பார்த்தது. அன்றைக்குக் கிழக்கே நாலடி திரும்பியிருந்தால் வாய்க்காலுக்கு அக்கரையில் தகரக் கூரை போட்ட எரிமேடை தெரிந்திருக்கும். அதுதான் எங்கள் சுடுகாடு. சொல்லலாம் என்று வாயெடுத்தோம். "பயிர் விஷயம் மட்டும் பேசுங்க" என்று கூட வந்தவர்கள் கையைக் காட்டிவிட்டார்கள். எனவே இன்று வரிசையில் நின்று, பன்னிரண்டாவது முறையாக, எழுத்திலேயே சொல்கிறோம்.

1. வாய்க்கால் 22 அடி அகலம். கோடையில் வேட்டியைத் தூக்கிக் கட்டாமலே தாண்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மார்பளவு தண்ணீர், அடியில் முழங்கால் புதையும் சேறு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளில் மூன்றை இழுத்துவந்து குறுக்கே போட்டோம். அரசுப் பணம் ஒரு ரூபாய் செலவில்லாமல் ஆறு வருஷம் அதுதான் பாலம். 2024 மழையில் மூன்றும் மக்கி உள்ளே விழுந்துவிட்டன. அக்கரையில் எரிமேடை உண்டு, அடிபம்பு உண்டு, சோலார் விளக்கும் உண்டு. பாலம் இல்லாமல் இதையெல்லாம் எப்படிக் கட்டினார்கள் என்று தாங்கள் கேட்கலாம். சித்திரையில் டிராக்டரை வாய்க்காலுக்குள் இறக்கி ஏற்றிக் கட்டினார்கள். சிமென்ட் மூட்டை சித்திரை வரை காத்திருக்கும். பிணம் காத்திருக்காது.

2. வாய்க்கால் நீர்வளத்துறையுடையது. பாதை ஊராட்சி ஒன்றியத்துடையது. சுடுகாடு வருவாய்த்துறைப் புறம்போக்கு. நடுவில் 40 குழி அளவுள்ள தனியார் பட்டா நிலம். ஒவ்வோர் அலுவலகத்திலும் அடுத்த அலுவலகத்துக்குக் கை காட்டுகிறார்கள். பட்டாக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. கதிர் வாங்குகிற நேரத்தில் அறுபது பேர் வரப்பை மிதித்துப் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்க 1978-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. போன வருஷம் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஏடுகளிலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். சொல்லை எடுத்தவர்கள் 40 குழி நிலத்தையும் எடுத்துக் கொடுத்தால் போதும்.

3. இது ஒருவரைப் பற்றியது. சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்தவர்களுக்கு வீட்டிலேயே வாக்களிக்கும் வசதி செய்தீர்கள். எங்கள் தெருவில் அந்த வயதில் இருந்தது ஒரே ஒருவர். அவர் ஒருவருக்காக அலுவலர்கள் வேனில் வந்தார்கள். கூடவே ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒரு தம்பி. திண்ணையில் அட்டையை மறைப்பாக நிறுத்தி, விரலில் மை வைத்து, உறையை ஒட்டி, மரியாதையாக வாக்கு வாங்கிப் போனார்கள். "இத்தன பேரு எனக்காவா வந்தீங்க, இருங்க, டீத்தண்ணி வைக்கச் சொல்றேன்" என்றார் அவர். அன்றைக்குத் தெருவுக்கே பெருமை.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. "நான் சித்திரையில போயிடணும்டா. ஒங்களுக்கெல்லாம் செரமம் இல்லாம போயிடணும்." இது அவர் ஒருவருடைய பேச்சு மட்டுமல்ல. சாவதாக இருந்தால் கோடையில் சாவு என்பது எங்கள் தெருவில் வேடிக்கையாகச் சொல்வதுபோல் சொல்லுகிற பேச்சு.

அவர் போனது கார்த்திகையில். 2025 நவம்பர் 29 இரவு, டிட்வா புயல் மழை விடாமல் கொட்டிய அன்று. ஃப்ரீசர் பெட்டி எடுத்துவந்தோம். கரண்ட் இல்லை, பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீந்தத் தெரிந்த இரண்டு பையன்கள் முன்னால் போய் இக்கரைப் புங்கமரத்துக்கும் அக்கரைப் பம்புக்கும் கயிறு கட்டினார்கள். ஆறு பேர் பாடையைத் தோளிலிருந்து தலைக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். 22 அடியைக் கடக்க கால் மணி நேரம். நடுவில், மக்கிய தென்னை கிடந்த பள்ளத்தில் ஒருவருக்குக் கால் போய்விட்டது. பாடை சாய்ந்து, கால் மாட்டில் போட்டிருந்த மாலை கழன்று தண்ணீரோடு போனது. பாதம் இரண்டும் நனைந்துவிட்டன.

கொள்ளி வைக்கவேண்டிய மகனுக்கு 67 வயது. கொள்ளிச் சட்டியை அன்னக்கூடைக்குள் வைத்துத் தலையில் சுமந்து வந்தார். பாடையைப் பிடிக்க ஒரு கையை நீட்டியபோது கூடைக்குள் தண்ணீர் அடித்துச் சட்டி அணைந்துவிட்டது. அக்கரையில் ஒரு பையனின் சிகரெட் லைட்டரை வாங்கிப் பற்றவைத்தோம். "வூட்டுல ஏத்துன நெருப்பு இல்லியேடா" என்று அவர் இன்றைக்கும் சோறு உண்ணும்போது கையை நிறுத்திவிடுகிறார்.

ஐயா, அந்த மகன் என் அப்பா. இறந்தவர் என் அப்பாயி. மனுவில் சொந்த விஷயம் எழுதக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் தெருவில் 62 வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. என் வீட்டுக் கதையை எழுதினால் சரிபார்க்கத் தங்களுக்குச் சுலபம் என்றுதான் இதை எழுதினோம்.

கருமாதி முடிவதற்குள் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காக வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்துவிட்டார். பாவம், மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு படியேறிய ஆசிரியை. அவர்மேல் குறையில்லை. 'இறந்துவிட்டார்' என்று எழுதி வாங்கிக்கொண்டார். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் அப்பாயி பெயர் இல்லை. எவ்வளவு வேகம் பாருங்கள்! செத்தவர் பெயரை எடுக்க மூன்று வாரம் போதும். செத்தவரைத் தூக்கிப்போகப் பாலம் வேண்டுமென்றால் ஏழு வருஷம் போதவில்லை.

4. இந்தத் தேதிகளைத் தாங்கள் தயவுசெய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதனால் எங்கள் வாய்க்காலில் அஸ்திவாரம் தோண்ட முடிந்த காலம் மாசி முதல் வைகாசி வரைதான். தேர்தல் எப்போது வருகிறது? சட்டமன்றத்துக்கு 2011-ல் ஏப்ரல் 13. 2016-ல் மே 16. 2021-ல் ஏப்ரல் 6. நாடாளுமன்றத்துக்கு 2019-ல் ஏப்ரல் 18, 2024-ல் ஏப்ரல் 19. எல்லாம் எங்கள் வாய்க்கால் காய்கிற நேரம் பார்த்து வருகின்றன. மார்ச்சில் போனால் "நடத்தை விதி அமலில் இருக்கு, முடியட்டும்" என்பார்கள். முடிந்ததும் புது அரசு, புது அதிகாரிகள், "இப்பத்தான் பொறுப்பு எடுத்திருக்கோம்" என்பார்கள். அதற்குள் தண்ணீர் வந்துவிடும். தண்ணீரில் எப்படிப் பாலம் கட்டுவது என்பார்கள். அதுவும் நியாயம்தான். பிறகு மழை. பிறகு தேர்தல் இல்லாத வருஷங்களில் நிதி இல்லை.

2024-ல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவை போனதே என்று ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டது. ஒரு நல்லது, வாய்க்கால் ஆறரை வாரம் கூடுதலாகக் காய்ந்து கிடந்தது. தேர்தலும் முடிந்திருந்தது. அப்போது என்ன தடை ஐயா? யாராவது ஒருவர் எங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

களத்தில் தொடங்கிவிட்ட வேலையை நடத்தை விதிகள் நிறுத்துவதில்லை, ஆணை வந்தும் தொடங்காத வேலையைத்தான் தொடங்கக் கூடாது என்கின்றன. மாவட்டத் தேர்தல் அலுவலரும் தாங்களே, எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். 2021-ல் பிப்ரவரி 26-லேயே தேதியை அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கு பிப்ரவரி 2. அறிவிப்பு வருவதற்குள் ஒரு மண்வெட்டி மண் அள்ளிவிட்டால்கூட இந்தக் கோடை எங்களுக்குத் தப்பிப் பிழைக்கும். அதைத்தான் கேட்கிறோம்.

5. எங்கள் தொகுதிப் பிரதிநிதி இன்னும் சில வாரங்களில் தெருவுக்கு வருவார். போன முறை திறந்த வேனில் வந்து, மேளம் நிற்கச் சொல்லி, "அடுத்த தடவ ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தப் பாலத்து மேலயே நடந்து வருவேன்" என்று மைக்கில் சொன்னார். செல்போனில் வீடியோ இருக்கிறது. அவர்மேல் புகார் சொல்ல இந்த மனு அல்ல. ஆனால் அவரிடம் சில கேள்விகள் கேட்க ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். பதில் தங்கள் அலுவலகத்தில் இருப்பதால் முன்கூட்டியே தங்களுக்கும் தெரிவிக்கிறோம்.

அ) எந்தப் பாலத்தின் மேல் நடந்து வரப்போகிறீர்கள்?

ஆ) "கலெக்டர் டேபிள்ல ஃபைல் இருக்கு" என்று மூன்று வருஷமாகச் சொல்கிறீர்கள். அந்தக் கோப்புக்கு எண் என்ன? ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால், தொகுதி மேம்பாட்டு நிதியில் சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைத்தால் செய்யலாம் என்கிறார்கள். அவர் இங்கே கை காட்டுகிறார், இங்கே அவரைக் காட்டுகிறார்கள். ஐயா, கோப்பு உண்மையில் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது அல்லது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இல்லாத கோப்பைத் தேடி இத்தனை வருஷம் பஸ் ஏறியிருந்தால் அதையாவது தெரிந்துகொள்கிறோம்.

இ) தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து எங்கள் 22 அடிக்கு அதில் இடமில்லாமல் போனது எப்படி?

ஈ) எதிர்த்து நிற்கப்போகிறவர்களும் இதே தெருவுக்குத்தான் வருவார்கள். அவர்களிடமும் இதையே கேட்போம். எங்களுக்குக் கட்சி வித்தியாசம் இல்லை. எங்கள் பாடைக்கும் இல்லை.

6. 2021-ல் பையன்கள் கறுப்புக்கொடி கட்டித் தேர்தல் புறக்கணிப்பு என்று போர்டு வைத்தார்கள். உடனே தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, நாற்காலி, சோடா. "தேர்தலுக்குப் பின் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு தாள். கொடியை இறக்கினோம், போய் வாக்களித்தோம். தாள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. இந்த முறை கொடி கட்டலாமா என்று பையன்கள் மறுபடி கேட்கிறார்கள். வேண்டாம், முதலில் கலெக்டரைப் பார்ப்போம் என்று பெரியவர்கள் அடக்கி வைத்திருக்கிறோம். எத்தனை நாள் அடக்க முடியும் என்று தெரியவில்லை. இது மிரட்டல் அல்ல ஐயா.

7. கிராம சபையில் நான்கு முறை தீர்மானம் போட்டாயிற்று. முன்பாவது கேட்க ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்தார். 2025 ஜனவரி 5-உடன் அவர்கள் காலம் முடிந்து, இப்போது தனி அலுவலர். அவருக்கு எத்தனையோ ஊராட்சி.

8. பாலம்தான் வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

ஆகவே ஐயா, தாங்கள் அருள்கூர்ந்து இந்த வாரத்துக்குள் ஒரு பொறியாளரை அனுப்பி, அளவெடுத்து, ஆணை பிறப்பித்து, அறிவிப்பு வருமுன் வேலையைத் தொடங்கிவைக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பெரிய பாலம் வேண்டாம். கார் போக வேண்டாம். ஆறு பேர் ஒரு பாடையைத் தோளில் வைத்து, தண்ணீர் படாமல், நேராக நடந்து போகிற அகலம் போதும். முடியாது என்றால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் மறுபடி அனுப்ப வேண்டாம். அந்தக் கடிதம் எங்களிடம் ஏற்கெனவே ஐந்து இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழத்தெருப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல்கள், கிராம சபைத் தீர்மான நகல்கள், 2021-ல் கொடுத்த தாளின் நகல், நவம்பர் 30 அன்று எடுத்த புகைப்படங்கள்.

பி.கு.: அளவெடுக்க வருகிறவர் டேப் கொண்டுவர வேண்டியதில்லை. அன்றைக்கு இரண்டு கரைக்கும் கட்டிய கயிறு எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.