உச்சுக் கொட்டுவதும் மெய்யெழுத்தே

ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மொழிகளில் வரும் சொடுக்கொலிகளை, மூச்சை உள்ளிழுத்து எழுப்பும் சத்தம் என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. அதில் நுரையீரலுக்கு வேலையே இல்லை.

நாக்கின் பின்புறம் ‘க்’ சொல்லும் இடத்தில் அண்ணத்தோடு ஒட்ட வேண்டும். நுனி முன்பல்லின் பின்னால் ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே சிறிது காற்று சிக்கிக்கொள்ளும். இனி நாக்கின் நடுப்பகுதியைக் கீழே இறக்கினால் அந்த இடம் விரிந்து அழுத்தம் குறையும். நுனியை எடுத்ததும் வெளிக்காற்று பாய்ந்து வந்து சொடுக்கும். நாம் இரக்கப்பட்டு ‘உச்சு’க் கொட்டுகிறோமே, அதேதான்! நமக்கு அது வெறும் உணர்ச்சிக் குறிப்பு; கோசாவில் முழு மெய்யெழுத்து.

நுனியை எடுக்காமல் நாக்கின் ஓரத்தை மட்டும் விடுவித்தால் இன்னொரு மெய். ‘கோசா’ என்று நாம் எழுதும் பெயரின் முதல் ஒலி உண்மையில் அதுதான். நுனியைப் பல்லுக்குச் சற்றுப் பின்னே, ஈறு மேடான இடத்தில் வைத்து விடுவித்தால் புட்டி மூடி திறந்தாற்போல் கனத்த ஒலி. நெல்சன் மண்டேலா வளர்ந்த குனு கிராமத்தின் பெயர் இதில்தான் தொடங்குகிறது.

சரிபார்க்க எளிய வழி: மூக்கால் ‘ங்’ என்று முனகிக்கொண்டே சொடுக்குங்கள். முனகல் அறுந்தால் மூச்சை இழுக்கிறீர்கள் என்று பொருள். புதிதாகப் பழகுவோர் சொடுக்கிவிட்டு, ஒரு கணம் நின்று, பிறகு தனியாகக் ‘கு’ சொல்வார்கள். பின்நாக்கைத் தாமதமாக விடுவதே காரணம். சொடுக்கிய கையோடு அதையும் விட்டு உயிரெழுத்துக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒலியியல் ஆசிரியர், மதுரை