அந்தக் கல்லறையில் எங்கள் ஆட்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மரண ரயில் பயணக் கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட பாதை அது. சயாம் பக்கம் காஞ்சனபுரிப் பாலத்தில் தொடங்கி, எங்கள் பக்கம் தன்பியூசயாட் கல்லறைத் தோட்டத்தில் முடித்திருந்தார் கட்டுரையாளர். படங்கள் நன்றாக இருந்தன. ஒரே ஒரு வரிதான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தப் பாதையைப் போட்டு உயிர்விட்ட அத்தனை பேரும் இங்கே உறங்குகிறார்கள் என்று எழுதிவிட்டார். இல்லை ஐயா. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவருக்குக்கூட அங்கே கல் கிடையாது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் போய் நின்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் முடோன்காரன். மோல்மேனிலிருந்து தெற்கே ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் போனால் எங்கள் ஊர், அதற்கும் தெற்கே தன்பியூசயாட். தகரக் கூரைச் சாவடி என்று பொருள். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, கடற்கரைக்குப் போகிற சாலையில். புல்லைக் கம்பளம் மாதிரி வெட்டி வைத்திருப்பார்கள். வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 22, 24, 27. படித்துக்கொண்டே நடந்தால் மனசு கனத்துப் போகும். அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

அங்கே இருப்பவர்கள் பிரிட்டிஷ் காமன்வெல்த் படையினர் 3,149 பேர், டச்சுக்காரர் 621 பேர். ஒற்றை இலக்கம் வரை கணக்கு இருக்கிறது. சயாம் பக்கத்துக் கல்லறைகளையும் சேர்த்துப் பார்த்தால், 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேலானவர்கள் இறந்தார்கள். ஆனால் அதே 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல். மலாயாத் தோட்டத் தமிழர்கள், வியர்வைப் படை என்று பெயர் சூட்டித் திரட்டிக்கொண்டு வந்த பர்மியர்கள், மொன், கரென் இனத்தவர்கள், அப்புறம் ஜாவாக்காரர்கள். இவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்கிறார்கள். சிலர் இன்னும் கூட்டிச் சொல்கிறார்கள். இங்கே எல்லாமே குத்துமதிப்பு, ஆயிரக்கணக்கில்தான் பேச்சு.

ஏன் இப்படி ஆனது என்றால், காகிதம்தான் காரணம். கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். யார் எங்கே எப்போது இறந்தான், எந்தக் குழி என்று ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் குறித்து வைத்தார்கள். போர் முடிந்தவுடன், 1945 செப்டம்பரிலேயே, ஒரு குழு ரயில் பாதையோடு போய் 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. அவற்றைத்தான் பிறகு மூன்று பெரிய தோட்டங்களாகச் சேர்த்தார்கள். கூலிகளின் கொட்டகைகளில் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. அவர்களைத் தேடி யாரும் போகவும் இல்லை. கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்துக்குப் படையினர்தான் பொறுப்பு, கூலிகள் அதன் ஏட்டிலேயே வர மாட்டார்கள். ஆக, அந்தத் தோட்டத்தில் எழுதியிருப்பது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் சுற்றிலும் வேறு எந்த அடையாளமும் இல்லாததால், பார்க்கிறவன் மனதில் பொய்யான கணக்கு ஒன்று தானாக ஏறிவிடுகிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா இருந்தார். பேராக் தாத்தா என்றே கூப்பிடுவோம். மலாயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற வேலை. மூன்று மாத வேலை, தினம் ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், சாப்பாடு இலவசம் என்று சொல்லிச் சரக்கு ரயிலில் ஏற்றினார்களாம். இவராவது பரவாயில்லை, தானாக ஏறினார். சில ஊர்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் அள்ளிப்போட்டார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற கூட்டம் நாளுக்கு நாள் சுருங்கியது என்பார். மூங்கிலை அடுக்கி எரித்தார்கள், மழையில் எரியாவிட்டால் குழியில் தள்ளினார்கள். போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போகாமல் எல்லைக் கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டால், தோட்டத்து லயன் வீடுகளில் மற்றவர்களின் பெண்டாட்டிகள் வந்து கேட்பார்களே, என்ன சொல்ல என்பார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் அவரை ஒருமுறை தன்பியூசயாட் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போகிற மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். ஒரு தகட்டின் எழுத்தை விரலால் தடவி, இதில் என்னடா எழுதியிருக்கு என்று கேட்டார். பேர், பட்டாளம், வயசு தாத்தா என்றேன். "வயசு கூடவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கே என் வயசு தெரியாதுடா" என்றார். அவருடைய கொட்டகையில் மட்டும் மூன்று முனியாண்டிகள் இருந்தார்களாம், யாருக்கும் அப்பன் பெயர் இவருக்குத் தெரியாது. ஆடி அமாவாசைக்கு ஓடைக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தடவையாக.

சயாம் பக்கத்தில் வேறு விதமான குழப்பம். கட்டுரையாளர் நின்று படம் எடுத்துக்கொண்ட இரும்புப் பாலத்தில், நடுவே வளைவாக இல்லாமல் கோணமாகத் தெரியும் இரண்டு பெரிய கண்கள் குண்டுவீச்சில் போய், போருக்குப் பிறகு மாற்றியவை. ஆற்றின் பெயரே பிறகு வைத்ததுதான். அது மே குளோங் ஆறு. 1957-ல் குவாய் ஆற்றுப் பாலம் பற்றி ஒரு ஆங்கிலப் படம் வந்தது, அதுவும் இலங்கையில் கித்துல்கலையில் எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் குவாய் ஆறு எங்கே என்று கேட்கக் கேட்க, 1960 வாக்கில் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படத்துக்காக ஆறே பெயர் மாற்றிக்கொண்டது! அங்கே ஜீத் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவோடு ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து என்று நாடுகளின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த ஆங்கிலப் பெயர். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் அதில் எழுத்து இல்லை. இந்தப் பாதையில் ஓடிய சி56 வகை என்ஜின் ஒன்று தோக்கியோவில், போரில் இறந்த ஜப்பானியருக்கான யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. இரும்பைப் பத்திரமாகக் கப்பலேற்றிக் கொண்டுபோக முடிந்திருக்கிறது.

பிறத்தியாரை மட்டும் சொல்லி என்ன, நாமும் அப்படித்தான். எங்கள் பக்கத்துச் சங்கங்களில் நேதாஜி படத்துக்கு மாலை போடாத வருடம் கிடையாது. மலாயாத் தோட்டத் தமிழர்கள் அவர் படையில் சேர்ந்த கதையைப் பெருமையாகப் பேசுவோம், பேச வேண்டியதும்தான். ஆனால் அந்தப் படையினரில் பலர் பர்மாவுக்கு வந்ததும் இந்த ரயிலில்தான். தண்டவாளத்துக்கு அடியில் யார் கிடந்தார்கள் என்பதை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஜப்பான்காரனோடு கைகோத்த நேரம், அதனால் சொல்லச் சங்கடம். சரி, எண்பது வருடம் ஆயிற்று, இன்னுமா சங்கடம்?

ரங்கூன் போகிறவர்கள் தவுக்கியானில் உள்ள நினைவு மண்டபத்தையும் பார்த்திருப்பார்கள். சடலம் கிடைக்காத ஏறக்குறைய 27,000 படையினரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. விடுதலை மனிதர் யாவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி என ஐந்தில் பொறித்திருக்கிறது. தமிழில் இல்லை. அது படைக்கு உரிய இடம், சண்டைக்கு வரவில்லை. ஒன்று மட்டும் புரிகிறது: உடலே கிடைக்காவிட்டாலும், பட்டாளத்து ஏட்டில் பெயர் இருந்தால் கல்லில் பெயர் வரும்.

காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரத்தில் தமிழர்களுக்கென்று நடுகல் நாட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். பர்மாவுக்குள் ஓடிய 111 கிலோமீட்டருக்கும் அப்படி ஒன்று வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குள் கை வைக்க வேண்டாம், அந்தப் பிள்ளைகள் நிம்மதியாக இருக்கட்டும். வெளியே சாலையோரம் ஒரு பலகை போதும். இங்கே இல்லாதவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று பர்மியத்திலும் மொன்னிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு வரி.

அதுவரைக்கும் இரண்டு வேண்டுகோள். அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். உங்கள் வாசகர்களில் மலாயாத் தோட்டக் குடும்பங்கள் நிறைய இருப்பார்கள். 1942, 1943 காலத்துக் கங்காணி நோட்டு, செக்ரோல் என்கிற கூலிப் பதிவுப் புத்தகம், சயாமுக்குப் போனவர் என்று யாராவது பின்னால் எழுதி வைத்த போட்டோ, எது இருந்தாலும் ஒரு நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த முனியாண்டிகளில் ஒருவருக்காவது அப்பன் பெயர் தெரிய வரலாம்.

இப்படிக்கு,
முடோன் வாசகர் ஒருவர்,
மொன் மாநிலம், பர்மா