ஜான் லூயிஸ் பெயரில் தூங்கும் மசோதா: செனட் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமெரிக்க செனட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதி அனுப்பினேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது, ஒரு கமாகூட மாறவில்லை. கருத்துக்கு நன்றி சொல்லித் தொடங்கி, சிவில் உரிமைப் போராளியும் எங்கள் ஜார்ஜியாவின் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த ஜான் லூயிஸ் எப்பேர்ப்பட்ட மாமனிதர் என்று ஒரு பத்தி பாராட்டி, நான் கேட்ட கேள்வியை மட்டும் தொடாமல் முடிந்திருந்தது. சரி, எப்படியும் படிக்கப்போவதில்லை, என் மொழியிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி சின்னதுதான். ஜான் லூயிஸ் பெயர் தாங்கிய வாக்குரிமை மசோதாவை எப்போது நிறைவேற்றப்போகிறீர்கள்?

பின்னணியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெல்பி கவுண்டி வழக்கில் 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் என்ன செய்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓட்டுரிமையைப் பறித்த பழைய வரலாறு உள்ள மாநிலங்கள், தேர்தல் விதியை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு அன்றோடு செயலிழந்தது. எங்கள் ஜார்ஜியாவும் அந்தப் பட்டியலில் இருந்த மாநிலம். இப்போது விதியை மாற்றலாம், தேர்தலையும் நடத்தி முடிக்கலாம். பாதிக்கப்பட்டவர் வக்கீலைப் பிடித்து, வழக்குப் போட்டு, சில வருடம் கழித்து ஜெயித்துக்கொள்ளலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சட்டம் இருந்ததால் நிலைமை மாறியது, நிலைமை மாறிவிட்டதால் இனி அது வேண்டாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். நாம்தான் நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையைத் தூக்கி எறிவது போல என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். எந்தெந்த மாநிலம் பட்டியலில் வரும் என்பதற்குப் புதிய அளவுகோலை நாடாளுமன்றமே வகுத்துக்கொள்ளலாம் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பே சொன்னது. நாடாளுமன்றம் என்றால் நீங்கள்தான். அந்த வேலையைச் செய்வதற்குத்தான் லூயிஸ் பெயரிலான மசோதா.

என் அம்மாவின் கதையை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2020 ஜூன் 9, ஜார்ஜியாவில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். கொரோனா காலம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, சர்க்கரை உண்டு. குடியுரிமை வாங்கிய பிறகு அவருக்கு அது முதல் ஓட்டு. தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்திருந்தோம், சீட்டு வரவே இல்லை. நேரில் போனோம். அட்லாண்டாவை ஒட்டிய ஊர், லூயிஸின் தொகுதிக்குப் பக்கத்துத் தொகுதி. எந்த பூத் என்பது இங்கே முக்கியமில்லை. புது இயந்திரங்கள் ஓடவில்லை, இயக்கத் தெரிந்த ஆளும் போதவில்லை. வரிசை கட்டடத்தைச் சுற்றி, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, சாலை ஓரத்துக்கு வந்திருந்தது. நாங்கள் போய் நின்றது காலை ஒன்பதரைக்கு. அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். முதல் ஓட்டாயிற்றே.

பதினொன்றரைக்கு எங்கள் கையிலிருந்த தண்ணீர் தீர்ந்தது. பன்னிரண்டரைக்கு அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. "வீட்டுக்குப் போயிடலாம்மா" என்றேன். "இவ்வளவு நேரம் நின்னாச்சு, இனிமே எதுக்குப் போறது?" என்றார். ஊரில் தெருமுனைத் தொடக்கப்பள்ளியில் பத்து நிமிடத்தில் ஓட்டுப் போட்டு, விரல் மையைக் காட்டியபடி திரும்பி வந்து உலை வைத்தவர் அவர். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கக் கூடாது என்று இந்தியத் தேர்தல் ஆணையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏழை நாடு, ஏதோ அவர்களால் முடிந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கறுப்பினப் பெண்மணி வந்தார். அறுபது வயது இருக்கும். காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியும் எடுத்து வந்தார். நாற்காலியை அம்மாவுக்கு விரித்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியை அவரே திறந்து கொடுத்தார். எந்தக் கட்சி என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான் கொண்டுவருவாராம். வரிசை நகர நகர அந்த நாற்காலியை இழுத்துக்கொண்டே போய், ஒன்றே முக்காலுக்கு அம்மா ஓட்டுப் போட்டார்.

அடுத்த வருடம், 2021 மார்ச் 25 அன்று, ஜார்ஜியாவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. பூத் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளோ, வரிசையில் நிற்பவரிடமிருந்து 25 அடிக்குள்ளோ, வாக்காளருக்கு உணவோ தண்ணீரோ கொடுப்பது குற்றம். வழக்கு நடந்து, 150 அடிக்கு அப்பாலான பகுதியில் அந்தத் தடையை 2023-இல் ஒரு நீதிபதி நிறுத்திவைத்தார். 150 அடிக்கு உள்ளே குற்றம் குற்றம்தான்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஓட்டுக் கேட்பார்கள், அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் என்கிறார்கள். ஓட்டுக்குக் காசு கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான், அந்தக் கவலை எனக்குப் புரியாததல்ல. ஆனால் சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் புண்ணியம் என்று நினைக்கிற ஊரும் அதுதான். நாலு மணி நேரம் நிற்க வைத்தவர்கள் மேல் குற்றமில்லை, நின்றவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் மேல் குற்றம் என்றால், அம்மாவுக்கு இதை நான் எந்த மொழியில் விளக்குவது? பழைய அனுமதி ஏற்பாடு உயிரோடு இருந்திருந்தால், இந்த விதி அமலுக்கு வரும் முன்னரே வாஷிங்டனில் ஒருவர் எடுத்துப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பாரோ, அது வேறு. ஒரு ஆள் பார்த்திருப்பார். நான் கேட்பது அவ்வளவுதான்.

அம்மா ஓட்டுப் போட்ட அன்று ஜான் லூயிஸ் கணையப் புற்றுநோயோடு உயிரோடு இருந்தார். அதிலிருந்து 38-ஆவது நாள், ஜூலை 17 அன்று, காலமானார்.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை, உங்கள் அஞ்சலிக் குறிப்புகளில் விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். அலபாமாவில் டிராய் ஊருக்கு வெளியே குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்ற பலகைகளைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்ட பையனுக்கு, வம்பு தும்புக்குப் போகாதே என்றுதான் வீட்டில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அதே வசனம்தான். அவர் போனார், அதற்கு நல்ல வம்பு என்று பேரும் வைத்தார். அந்த வம்பைப் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. நாக்பூரில் மூன்றாண்டு இருந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டு வந்த ஜேம்ஸ் லாசன், நாஷ்வில்லில் மாணவர்களுக்கு அடி வாங்கக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் திட்ட, தள்ள, இன்னொருவர் திருப்பிக் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். 1965 மார்ச் 7 அன்று ஓட்டுரிமை கேட்டு அலபாமாவின் செல்மா ஊர்ப் பாலத்தில் ஊர்வலமாக ஏறியபோது லூயிஸின் முதுகுப்பையில் இரண்டு புத்தகங்கள், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பற்பசை, பல்துலக்கி. சிறைக்குப் போகத் தயாராக வந்த 25 வயதுப் பையன். சிறைக்குப் பதிலாக, போலீஸ் அடியில் மண்டை ஓடு உடைந்து மருத்துவமனைக்குப் போனார். ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

அதற்கடுத்து இரண்டு மாதத்தில், அக்டோபர் 3 அன்று, குடியேற்றச் சட்டமும் மாறியது. அதற்கு முன் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கீடு வைத்திருந்த நாடு இது. கறுப்பின மக்கள் அடி வாங்கித் திறந்த கதவு வழியாகத்தான் எங்களைப் போன்றவர்கள் பெட்டி படுக்கையோடு உள்ளே வந்தோம். எங்கள் ஆட்களே பலர் இதை மறந்துவிட்டார்கள், அது எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு.

அந்தப் பாலத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் பெட்டஸ் உங்கள் அவையில் இருந்தவர்தான். அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி, வெள்ளை இனவெறிக் கூட்டமான கூ கிளக்ஸ் கிளானின் தலைவர், பிறகு அலபாமாவின் செனட் உறுப்பினர். சும்மா நினைவூட்டுகிறேன்.

லூயிஸ் 1986-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, சாகும்வரை 33 ஆண்டுகள் இருந்தார். அங்கே போனதும் வம்பை விடவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கான மசோதாவை 1988 முதல் ஒவ்வொரு முறையும் கொண்டுவந்தார். 1994-இல் உங்கள் அவையில் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அதை மறித்தார். 2003-இல்தான் நிறைவேறியது. சிறு வயதில் வீட்டுக் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகியவர் அவர். நாடாளுமன்றத்தில் என்னுடன் இருக்கும் சிலரைவிட அந்தக் கோழிகள் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன, முட்டையாவது போட்டன என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இதை நான் சொன்னால் மரியாதைக் குறைவாக இருக்கும், அதனால் அவர் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் இதே வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிக்க உங்கள் அவையில் விழுந்த வாக்குகள் 98. எதிராக ஒன்றுகூட இல்லை. கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் புஷ். 2021 ஆகஸ்டில் லூயிஸ் பெயரிலான மசோதா பிரதிநிதிகள் அவையில் 219-க்கு 212 என்று தேறி உங்களிடம் வந்தது. நவம்பரில் அதன் செனட் வடிவத்தை விவாதத்துக்கு எடுக்கவே, நூறு பேர் அவையில் தேவையான 60 வாக்குத் தேறவில்லை. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவர்தான். 1957-இல் சிவில் உரிமை மசோதாவை மறிக்க செனட் உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் நின்றுகொண்டே பேசினார். இப்போது அந்தச் சிரமமும் கிடையாது, 60 வாக்குத் தேறாமல் பார்த்துக்கொண்டாலே மறித்தாயிற்று. நிற்கிற வேலையெல்லாம் எங்கள் பங்குக்கு வந்துவிட்டது.

செல்மாவை உள்ளடக்கிய தொகுதியின் உறுப்பினர் டெர்ரி சூவல் அந்த மசோதாவைத் திரும்பத் திரும்பத் தாக்கல் செய்துவருகிறார். அது அப்படியே கிடக்கிறது. ஆனால் லூயிஸ் பெயரில் கடற்படைக் கப்பல் வந்துவிட்டது, 2023-இல் தபால்தலை வந்துவிட்டது, அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில் சிலையும் வந்துவிட்டது. தலைவருக்குச் சிலை வைத்து, பிறந்தநாளுக்கு மாலை, நினைவுநாளுக்கு மாலை போட்டுவிட்டு அவர் சொன்னதைக் கிடப்பில் போடும் கலையில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உங்கள் சுரைக்காய்க்கு ஒரு மகானின் பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். மசோதாவை அவைக்குக் கொண்டுவாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து நின்று, ஏன் என்று சொல்லி, எதிர்த்து ஓட்டுப் போடுங்கள். பிடித்தால் நிறைவேற்றுங்கள். தயவுசெய்து இரண்டில் ஒன்று செய்யுங்கள். செய்யும்வரை ஜூலை 17 அன்று அவர் படத்தைப் போட்டு அஞ்சலி எழுதுவதை மட்டுமாவது நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
அட்லாண்டா புறநகரிலிருந்து ஒரு வாக்காளர்

பி.கு.: எங்கள் காரின் பின்பக்கத்தில் இப்போது ஒரு மடக்கு நாற்காலி நிரந்தரமாக இருக்கிறது. ஐஸ் பெட்டியும் வாங்கச் சொல்லி அம்மா நச்சரிக்கிறார். 150 அடி கணக்கைச் சொன்னேன். "அளந்து தள்ளி நின்னுக்கிறேன், நீ வாங்கு" என்கிறார்.