விலகச் சொன்னபோது விலகாதவர்

அன்புள்ள பாப்பா,

புதன்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீடு காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று மெசேஜ் போட்டவர், நேரில் உன்னைப் பார்த்ததும் வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார், மறுநாளும் விளம்பரம் அப்படியே இருந்தது என்றாய். அப்புறம் "விடுங்கப்பா, கிளாஸ் ஆரம்பிக்கிறது" என்று பேச்சை மாற்றிவிட்டாய். என்னால் விட முடியவில்லை.

நீ பாஸ்டனுக்குப் போனதிலிருந்து அந்த ஊர் ஆட்டங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன், முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்த பழக்கம். அப்படிக் கிடைத்தவர்தான் வில்லியம் ஹென்றி லூயிஸ். 1868-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் 1891-ல் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைவர், பிறகு உன்னைப் போலவே சட்டம் படிக்க வந்தார், ஹார்வர்டுக்கு. அங்கேயும் ஆடினார். சென்டர் இடம். குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்த அதே நொடியில் எதிராளி மேலே வந்து மோதுவான், அதனால் அங்கே மலை மாதிரி ஆளைத்தான் நிறுத்துவார்கள். லூயிஸ் சுமார் 80 கிலோதான். கபடியில் நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று தெரிந்தவன் தன்னைவிடக் கனமானவனை அசையவிடாமல் நிறுத்திவிடுவான். 1892, 1893 இரண்டு வருஷமும் நாட்டின் தலைசிறந்த பதினொரு பேரில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்தப் பெருமை கிடைத்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1896-ல் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகமே எழுதினார், 1906 வரை வக்கீல் வேலையோடு ஹார்வர்டு அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

இவ்வளவு பேர் வாங்கிய மனிதருக்கு, மாணவராக இருந்தபோது, ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் ஊரில் ஒரு சலூனில் சேவை செய்ய மறுத்துவிட்டார்கள். அவருக்கும் அப்போது பரீட்சை இருந்திருக்கும், மேட்ச் இருந்திருக்கும். ஆனாலும் பட்லர் வில்சன் என்ற வக்கீலோடு சேர்ந்து சட்டமன்றம் வரைக்கும் போய், அந்த மாநிலத்தின் பாகுபாடு தடுப்புச் சட்டத்தையே திருத்த வைத்தார். நீ இப்போது இருக்கும் அதே மாசசூசெட்ஸ்தான் பாப்பா.

1911-ல் ஜனாதிபதி டாஃப்ட் அவரை நாட்டின் துணை அட்டர்னி ஜெனரல்களில் ஒருவராக, அதாவது அரசின் தலைமை வக்கீலுக்குக் கீழே இருக்கும் பதவியில், நியமித்தார். அமெரிக்க வக்கீல்கள் சங்கத்திலும் சேர்த்துக்கொண்டார்கள், கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் 1912-ல் வெளியேற்றப் பார்த்தார்கள். நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்றதற்கு மாட்டேன் என்றார். அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம் அவருக்காக 4,700 உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்பினார். லூயிஸ் சங்கத்தில் நீடித்தார், ஆனால் இனிமேல் சேருகிறவர்கள் தங்கள் இனத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப ஆத்திரமாக வந்தது.

அவர் எல்லா நேரமும் ஒரே மாதிரி நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளமையில், அந்தக் காலத்துக் கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனின், வெள்ளையரோடு அனுசரித்துப்போகும் வழியை எதிர்த்தவர், பிறகு அவரோடே சமாதானமாகிவிட்டார், பதவிகளுக்கு அந்த உறவு உதவியது. பழைய நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். எனக்கும் அந்த இடம் நெருடுகிறது, ஆனாலும் சலூன் வாசலில் நின்ற அந்த மாணவரை என்னால் குறைத்து நினைக்க முடியவில்லை.

நீ சண்டைக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை, அது உன் முடிவு. அந்த ஆள் அனுப்பிய மெசேஜை மட்டும் அழித்துவிடாதே. விளம்பரத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. உன் கல்லூரியிலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது என்று முன்பு சொன்னாயே, அங்கே ஒரு தடவை கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்ன சொன்னார்கள் என்று சொல், நானும் அம்மாவும் காத்திருப்போம்.

அன்புடன்,
அப்பா